கைகால் இல்லாத பன்னிரண்டு பேர்

எழுபத்தொன்பது மார்ச்சில், ஜப்பானிலிருந்து பன்னிரண்டு மரப்பொம்மைகள் தில்லி லோதி ரோடில் எங்கள் ஆபீசுக்குக் கண்காட்சிக்காக வந்தன. உருண்டைத் தலை, கடைசலில் வழவழவென்று உருட்டிய உடம்பு, பூப்போட்ட வர்ணம், அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்த ஸ்டோர்கீப்பர் கல்யாணராமன் சாருக்கு முகம் சுண்டிப் போய்விட்டது.

"ஜலஜா, டைப் அடிம்மா. பொம்மை பன்னிரண்டு. கை நில். கால் நில். ரெண்டும் இல்லேன்னு அடி."

"அதோட அமைப்பே அப்படித்தானோ என்னவோ, சார்?"

"கை இல்லாம எவனாவது பொம்மை பண்ணுவானா? வழியில ஒடஞ்சிருக்கு. நாளைக்கு என் தலையில கட்டுவா."

அவருக்கு அந்த மாதக் கடைசியில் ரிடையர்மென்ட். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் ரெஜிஸ்டரில் ஒரு குண்டூசி குறைந்ததில்லை, கூடினதுமில்லை. கேன்டீனில் சமோசா வாங்கும்போதுகூட இதை யாரிடமாவது சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இருபத்து நான்கு கை, இருபத்து நான்கு கால் காணவில்லை என்று மேலே கடிதம் போனது. பதில் இல்லை. பொம்மை செய்த மொரிதாவே திறப்பு விழாவுக்கு வருகிறார் என்ற செய்திதான் வந்தது. சார் பதறிப்போய் ஆபீஸ் தச்சர் கருப்பசாமியைக் கூப்பிட்டார்.

கருப்பசாமி ஒரு பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, ஒடஞ்ச தடமே இல்லியே. ஆணி அடிச்ச ஓட்டகூட இல்ல."

"ஆராய்ச்சி வேண்டாம்ப்பா. ஜல்தி!"

மூலையில் கிடந்த உடைசல் ஸ்டூலின் காலைச் சீவி, முதல் பொம்மைக்குக் கைகால் பொருத்தி முடித்த நேரத்தில் மொரிதா உள்ளே நுழைந்தார். ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார் மனுஷர். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

அவர் பொம்மையை எடுத்துத் தலையைத் திருகினார். கீச்சென்று சத்தம் வந்தது.

"ஐயையோ, கழுத்தும் லூசு!" என்றார் சார்.

இந்தப் பொம்மை திருகினால் இப்படித்தான் கத்தும், கைகால் எந்தக் காலத்திலும் கிடையாது என்று கூட வந்த மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். மொரிதாவோ தோள் குலுங்கச் சிரித்தார். கருப்பசாமியின் கையைப் பிடித்து விரித்து, அதில் இருந்த காய்ப்பைத் தன் காய்ப்போடு ஒட்டிப் பார்த்தார். பதினொன்று கண்காட்சிக்கு, இந்த ஒன்று மட்டும் எனக்கு, இப்போதே வேண்டும் என்றார்.

வெளியே எதுவும் கேட் பாஸ் இல்லாமல் போகக் கூடாது. சார் ரெஜிஸ்டரைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"வந்தப்போ கை இல்ல. போறப்போ கை இருக்கு. எப்படிம்மா எழுதறது?"

"கழட்டிறட்டுமா, ஐயா?" என்று கருப்பசாமி உளியோடு வந்தார்.

மொரிதா பொம்மையைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சார் அவரைப் பார்த்தார். பிறகு சிவப்பு மையில் பேனாவைத் தொட்டு, தானே எழுதினார்: 'பொம்மை ஒன்று. கூடுதல்: கை இரண்டு, கால் இரண்டு.' முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் சிவப்பு வரி. எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

"ஒண்ணும் ஆகாது, சார். எங்கேர்ந்து வந்ததுன்னு ஆடிட்ல கேட்டா, ஸ்டூல் கால்லேர்ந்துன்னு சொல்லிடலாம்."

சார் மூலையில் கிடந்த ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ ஜலஜா! ஸ்டூல்ல ஒரு கால் குறையறதே!"