அணைந்தால்தான் நம்ம விளக்கு

நாலு வருஷமாக அவள் வாயைத் திறந்தால் பச்சை வெளிச்சத்தைப் பற்றித்தான் பேச்சு. அதனால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பச்சை என்றே பேர் விழுந்துவிட்டது. அவள் வடிவமைத்தது ஓர் ஆர்.என்.ஏ. இழை. உயிருள்ள செல்லுக்குள் அது மடிந்து உட்கார்ந்து, ஊற்றுகிற சாயத்தைப் பிடித்துக்கொண்டால் செல் பச்சையாக ஒளிர வேண்டும். வேண்டும், அவ்வளவுதான். நாலு வருஷமும் ஒளிரவில்லை. இன்று மூன்று மணிக்கு இயக்குநர் அம்மா வந்து பார்க்கப்போகிறார். ஒன்றும் தெரியாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா, மைக்ராஸ்கோப் பக்கத்து அறையில் ஈஸ்ட் ஆராய்கிற ஈஸ்ட்காரருக்கு. அந்த மனிதர் காலையிலேயே அளவு நாடாவோடு வந்து மேஜையை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

இரண்டு மணிக்கு ஒளிர்ந்தது.

மேஜையில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். 'இழை' என்று எழுதியதில் இழை உள்ள செல்கள், 'வெறும்' என்று எழுதியதில் சும்மா செல்கள். 'இழை' பச்சைப்பசேல் என்று இருந்தது, 'வெறும்' கும்மிருட்டு. பச்சைக்குத் தலைகால் புரியவில்லை. சுழல்நாற்காலியில் உட்கார்ந்து நாலு சுற்று சுற்றினாள், வருஷத்துக்கு ஒன்று. எலக்ட்ரீஷியனான கணவனுக்கு போன் போட்டாள்.

"எரியுதுங்க."

"எங்க எரியுது? மொதல்ல மெயின ஆஃப் பண்ணு."

விஷயத்தை விளக்குவதற்குள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தச் சிரிப்போடேயே, இயக்குநர் வரும்போது வெளிச்சம் இன்னும் தூக்கலாக இருக்கட்டும் என்று இரண்டு மூடிகளையும் திறந்து, கொஞ்சம் சாயம் ஊற்றி, மூடி, மறுபடி பார்த்தாள்.

'வெறும்' ஒளிர்ந்தது. 'இழை' இருட்டு.

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். எதிரே சுவரில் ஒரு காகிதம்: மூடியில் எழுதாதீர்கள், தட்டில் எழுதுங்கள். அவள் கையெழுத்துதான். போன மாதம் ஈஸ்ட்காரரிடம் இதற்காகவே ஒரு மூச்சு சண்டை போட்டிருந்தாள். இன்று இரண்டு தட்டின் பெயரையும் மூடியில்தான் எழுதியிருந்தாள். மூடிகள் மாறிப்போயிருக்கலாம். இல்லை, சாயம் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா மினுக்குகிறதோ என்னவோ. அப்படியென்றால் நாலு வருஷமும் போச்சு. மூடி மாறிவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே நம்பமாட்டாள்.

மறுபடி போன் போட்டாள். இந்தத் தடவை அழுகைக் குரல்.

"எது எதுன்னே தெரியலீங்க."

அவன் ஏதோ ஒரு மாடியில் ஏணிமேல் நின்றிருந்தான். "எந்த ஒயரு எந்த லைட்டுக்குன்னு தெரியலன்னா நாங்க சுவிட்ச அணைச்சுப் பாப்போம். எது அணையுதோ அதான் நம்ம லைட்டு. ஒன்னோடதுக்கு சுவிட்ச் கிடையாதா?"

சுவிட்ச் இருந்தது. இழையின் வாலில் அவளே வைத்தது. ஒரு மருந்து பட்டால் இழை மடிப்பை மாற்றிக்கொண்டு சாயத்தை விட்டுவிடும், மருந்தைக் கழுவினால் மறுபடி பிடிக்கும். காகிதத்தில் அப்படித்தான். எரியாத விளக்குக்கு சுவிட்சைத் தட்டுவானேன் என்று ஒருநாளும் சோதிக்கவில்லை. அணையாவிட்டால் அது பொய் வெளிச்சம். அணைந்து திரும்ப எரியாவிட்டால் காட்ட ஒன்றுமில்லை. மணி இரண்டு ஐம்பது.

இரண்டு தட்டிலும் மருந்தை விட்டாள்.

பச்சை வெளிச்சம் மெல்ல மங்கியது. செல் செல்லாக அணைந்து, கடைசி ஒன்றும் போனபோது அவள் கையைத் தட்டினாள். கதவு திறந்தது. இயக்குநர் அம்மா, பின்னால் அளவு நாடாவோடு ஈஸ்ட்காரர்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். "இருட்டாத்தானே இருக்கு?"

"ஆமா மேடம். அணைச்சுட்டேன்," என்றாள் பச்சை, வாயெல்லாம் பல்லாக. ஈஸ்ட்காரர் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

அவள் இரண்டு தட்டிலும் மருந்தைக் கழுவி, புதுச் சாயம் ஊற்றினாள். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்றாவது நிமிஷம் மைக்ராஸ்கோப் திரையின் ஓரத்தில் ஒரு செல் பச்சையாகக் கண் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. மற்ற தட்டு சாயத்தில் ஊறியும் இருட்டாகவே கிடந்தது.

பச்சை அப்போதே மார்க்கரை எடுத்து, ஒளிர்கிற தட்டின் பக்கவாட்டில், மூடியில் அல்ல, 'இழை' என்று எழுதினாள். பிறகு மூடி மாறிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஈஸ்ட்காரர் சுவரிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெரிய மனசோடு அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு முகம் மாறாமல் பூட்டுப் போட்டவர் இயக்குநர். அவர் கைப்பையைத் தரையில் வைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ அணைங்க," என்றார். "இல்ல, இருங்க. மருந்த இங்க குடுங்க, நானே அணைக்கிறேன்."