கொராலியின் மூக்கும் என் ஈஸ்டும்

என் ஈஸ்ட் ஒரு சோம்பேறி. இதை நான் சொல்லலாம். அடுத்தவன் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தொட்டியில் சர்க்கரை பாதிகூடத் தீர்ந்திருக்காது, அதற்குள் மேலே ஏறி, நுரையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். எழுப்பிக்கொண்டே இருந்தால்தான் பீர் பீராகும். அதற்காகத் தொட்டியின் அடிப்பக்கக் குழாயில் ஒரு சின்ன பம்பு மாட்டியிருக்கிறேன். அது கீழேயிருந்து இழுத்துப் பூவாளி வழியாக மேலே நுரைமீது தூவும். மூன்று மணி நேரத்துக்கொரு தரம் பத்து நிமிடம், இப்படி மூன்று நாள். நுரை அமுங்கி உள்ளே போய் வேலை பார்க்கும், மறுபடி தூங்க இடம் தேடும். பதினான்கு வருடமாக இதனோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நுரையை அள்ளி ஜாடியில் எடுத்துவைப்பேன். அடுத்த தடவைக்கு அதுதான் விதை. முதல் நாள் நுரை பழுப்பாக, அழுக்காக வரும். அதை வழித்து எறிய வேண்டும். இரண்டாம் நாள் வெள்ளையாகக் கெட்டியாக ஏறுவதுதான் சரக்கு. அதை எந்த நிமிடத்தில் அள்ள வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. என் மனைவி கொராலிதான் சொல்லுவாள். சமையலறையில் நின்றபடியே மூக்கை உயர்த்தி, "டெஸ்! ஆப்பிள் வாசனை போயிடுச்சு, ரொட்டி வாசனை வந்துடுச்சு. அள்ளு, அள்ளு!" என்று கத்துவாள். நான் கரண்டியோடு ஓடுவேன்.

போன குளிர்காலக் காய்ச்சலில் அந்த மூக்கு போய்விட்டது.

காய்ச்சல் நான்கே நாளில் இறங்கிவிட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை; நுரையை நான் குத்துமதிப்பாகத்தான் அள்ளிக்கொண்டிருந்தேன். "ஒரு வருஷம் பாருங்க. அதுக்குள்ள வரலன்னா ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார் டாக்டர். கொராலி அழவில்லை. நடிக்க ஆரம்பித்தாள். டீயை முகர்ந்து, "ஆஹா!" என்பாள். நான் பீர் போடும் ஷெட்டுக்கு வந்தால், "என்ன வாசனைடா டெஸ், கும்முனு இருக்கு" என்பாள். எனக்குச் சந்தேகம் வந்து ஒருநாள் மூடி போட்ட கோப்பையில் வெறும் வெந்நீரை வைத்து நீட்டினேன். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தாள். "அருமை" என்றாள். ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் வருத்தப்படக் கூடாது என்று அவள் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள், பாவி மகள்.

அந்த ஒரு வருடம் முடிய, எங்கள் பக்கம் குளிர் தொடங்கும் இந்த மே மாதத்தில் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. எனக்கு வேறு வைத்தியம் தெரியாது. வாசனை மும்மடங்கு அடித்தால் மூக்கு விழித்துக்கொள்ளாதா என்று, வழக்கமான இருபது லிட்டரை விட்டுவிட்டு அறுபது லிட்டர் போட்டேன். தொட்டியருகே அவளுடைய நாற்காலியைக் கொண்டுபோய் வைத்து, "கால் வலிக்குது, துணைக்கு உக்காரு" என்றேன்.

"உனக்குக் கால் வலிச்சா நான் எதுக்கு உக்காரணும், கெழவா?" என்றாள். ஆனாலும் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் பகல். ஹுவான் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி தோட்டத்து ஆப்பிள் மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்து, திறந்திருந்த ஷெட் கதவருகே நின்றது. பம்பைப் போட்டேன். தகரக் கூரைமேல் தூறல் விழுவது போலப் பூவாளி நுரைமேல் சலசலத்தது. நுரை அமுங்கியது, மூச்சு விட்டது, மறுபடி உப்பியது. அதையே பார்த்துக்கொண்டிருந்த கொராலியின் கண்கள் சொக்கின. எனக்கும் சொக்கியது. கனவில் நான் முன்பு வேலை பார்த்த படகுத்துறையில் கயிறு வீசுகிறேன். ஆறு முழுக்க வெள்ளை நுரை. அக்கரையில் கொராலி நின்று ஏதோ கத்துகிறாள், வாய் அசைகிறது, சத்தம் மட்டும் என்னை வந்து சேரவில்லை. படகும் அவசரப்படாமல் நுரையைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது.

"டெஸ்."

"ம்ம்."

"நாறுது."

கண்ணைத் திறந்தேன். பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கொராலி முன்னால் குனிந்து தொட்டிமேல் முகத்தை வைத்திருந்தாள்.

"வினிகர் நாத்தம். ஈஸ்ட் கெட்டுப்போச்சு."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "பதினாலு வருஷத்து ஈஸ்ட்! என்ன பேசறே நீ? வாயைக் கழுவு!"

"கத்தாதே. இது இன்னிக்கு நேத்துக் கெட்டது இல்ல, ரொம்ப நாளாவே சரிஞ்சுக்கிட்டு வந்திருக்கு. உனக்குப் பழகிப்போச்சு. போன மாசம் வார்விக் பாதி கிளாஸை வெச்சுட்டு எழுந்து போனான்ல? அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, மரியாதைக்குச் சொல்லல."

பக்கத்துத் தோட்டத்து வார்விக் பொறாமையில் அப்படிச் செய்தான் என்று ஒரு மாதமாக அவனோடு பேசாமல் இருந்தேன். அதைச் சொல்லி இன்னும் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒரு வருடமாக இவள் சொன்ன பொய்யெல்லாம் புகழ்ச்சி. வெந்நீரைக்கூட அருமை என்றவள் அவள். நாறுகிறது என்று ஒரு தடவை சொன்னதில்லை.

"என்ன சொன்னே?" என்றேன்.

"நாறுதுன்னேன்."

"இன்னொரு தரம் சொல்லு."

"நாறுது, நாறுது, நாறுது! போதுமா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். தன் கையை மூக்கருகே கொண்டுபோனாள். கம்பளியை முகர்ந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து அதையும் முகர்ந்தாள். "ஐயே! குளிச்சு எத்தனை நாளாச்சு உனக்கு?" என்றாள். பிறகுதான் அழுதாள். ஒரு வருடத்து அழுகை.

ஜாடியில் மீந்திருந்த விதை நுரையை வெளியே எலுமிச்சை மரத்தடியில் கவிழ்த்தேன். பதினான்கு வருடம் ஒரே வீச்சில் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புதான் வந்தது. உள்ளே வந்து பம்பை நிறுத்திவிட்டு, அறுபது லிட்டரையும் சாக்கடையில் விட அடிக்குழாயில் கை வைத்தேன்.

"இரு" என்றாள் கொராலி. மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தொட்டிக்கு இன்னும் பக்கத்தில் இழுத்தாள். "அதுக்குள்ள என்ன அவசரம்? பம்பைப் போடு. இன்னும் கொஞ்ச நேரம் மோந்துக்கறேன்."

போட்டேன்.