இல்லை என்று சொல்கிறவர்கள்

சோபாவின் ஒரு முனையைச் சித்தப்பா தூக்க, மறுமுனையை அவள் தூக்கினாள். அதன் கால் கதவு நிலையில் இடித்து நின்ற நேரம் பார்த்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்த போனில் காலேஜ் மேடம் பேசினார்.

"விஷயம் கேள்விப்பட்டேன்மா. நாளைக்கு நீ வர வேண்டாம். கமிட்டிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"வரலைன்னா அடுத்த கமிட்டி எப்போ மேடம்?"

"பரீட்சைக்கு அப்புறம்தான். அதுக்குள்ள உன் புராஜெக்டே முடிஞ்சிருக்கணுமே. பரவாயில்ல, லைப்ரரில உக்காந்தே முடிக்கற மாதிரி வேற தலைப்பு தர்றேன். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"நான் வர்றேன் மேடம்."

சித்தப்பா சோபாவைப் பிடித்தபடியே அவளை முறைத்தார். அவருடைய அண்ணன், அவளுடைய அப்பா, இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். கையெழுத்தெல்லாம் முடிந்து மதியத்துக்குள் உடலைக் கொண்டுவந்துவிடுவார்கள். கிடத்துவதற்கு முன்னறையில் இடம் வேண்டும். "கொஞ்சம் சாய்ச்சுப் பிடி," என்று மட்டும் சொன்னார். சாய்த்துப் பிடித்தாள். சோபா வெளியே போனது. அது இருந்த இடத்தில் எலுமிச்சை மிட்டாய்க் காகிதங்கள் சுருண்டு கிடந்தன. தாகத்தை ஏமாற்ற அப்பா வாயில் அடக்கிக்கொள்ளும் மிட்டாய். மற்றவர்கள் கண்ணில் படும் முன்பு அவளே பொறுக்கிப் போட்டாள்.

புராஜெக்ட் தலைப்பை ஒப்புக்கொள்ளும் கமிட்டிக்கு வருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, கொண்டுபோக அவள் கையில் உருப்படியாக ஒரு கேள்விகூட இல்லை. நர்சிங் கடைசி வருஷம். ஆரம்பத்தில் 'நாள்பட்ட சிறுநீரக நோய்க்கான சிகிச்சை' என்று எழுதிக்கொண்டு போனாள். "இது தலைப்பு இல்லம்மா, ஒரு அலமாரி புஸ்தகம்," என்று மேடம் திருப்பிக் கொடுத்தார். வெட்டி வெட்டிக் கடைசியில் 'டயாலிசிஸ் நோயாளிகள் தண்ணீர்க் கட்டுப்பாட்டை ஏன் மீறுகிறார்கள்?' என்பதில் வந்து நின்றாள். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு உடம்பில் சேரும் தண்ணீரை மெஷின்தான் எடுக்க வேண்டும். அடுத்த மெஷின் நாள் வருவதற்குள் அதிகமாகக் குடித்தால் அது நுரையீரலில் ஏறும், இதயத்தை அமுக்கும். அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து.

கேள்விகளை அப்பா டயாலிசிஸுக்குப் போகும் வார்டில்தான் ஒத்திகை பார்த்தாள். அளவை மீறியதுண்டா என்று கேட்டதற்கு அத்தனை பேரும் 'ஒருநாளும் இல்லை' என்று டிக் அடித்தார்கள். அப்பா, கன்னத்தில் ஐஸ்கட்டியை ஒதுக்கிக்கொண்டே அடித்தார். மெஷினில் படுக்கும் முன் எல்லோருக்கும் எடை பார்ப்பார்கள்; குடித்த தண்ணீரெல்லாம் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். மேடம் பதில்களையும் எடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் உத்தமர்னா எடை மெஷின் மட்டும்தான் பொய் சொல்லுது போல," என்றார். அப்பாவிடம் அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். "ரேடியேட்டருக்கு ஊத்துற தண்ணில பாதி எனக்கு ஊத்தச் சொல்லுடி உங்கம்மாவ, நான் உண்மையச் சொல்றேன்," என்றார்.

அப்படிப்பட்ட மனிதர் இன்று விடியும்போது மூச்சு வாங்குகிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே போய்விட்டார். விடுதியிலிருந்து அவள் ஓடிவந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா மட்டும் ஆஸ்பத்திரி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதிலிருந்து அம்மா அழவும் இல்லை, பேசவும் இல்லை. மகளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

உடல் வந்தது. அக்கம்பக்கம் வந்தது. பஸ் டிப்போவிலிருந்து ஒரு கூட்டம் வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கழற்றியது. பிறகு வார்டிலிருந்து ஜன்னல் மெஷின்காரர் வந்தார். வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. படுக்கும் மெஷின்தான் பெயர். அப்பா கதவு மெஷின்காரர். ஜன்னல்காரர் அப்பாவின் காலடியில் ரொம்ப நேரம் நின்றார். அடுத்தது யார் என்று அவர் கணக்குப் போடுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் மனைவி, எல்லோருக்கும் ஜன்னலம்மா, நேராக அம்மாவிடம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

டீத் தட்டோடு அவள் அந்தப் பக்கம் போனபோதுதான் அம்மாவின் குரல் கேட்டது.

"நேத்து சாயங்காலம் அரை டம்ளர் கேட்டார்க்கா. அன்னிக்கு அளவு முடிஞ்சிருச்சு. நாளைக்கு மெஷின்ல படுக்கறப்போ தர்றேன், இப்ப இல்லன்னு சொல்லிட்டேன்."

தட்டைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். யாராக இருந்தாலும் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். உன் மேல தப்பில்லம்மா, விதிம்மா, மனசத் தேத்திக்கம்மா. ஜன்னலம்மா அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

"இன்னிக்குக் காலைல நானும் இல்லன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன்," என்றாள். "பிரிட்ஜப் பூட்டிச் சாவிய இடுப்புல வச்சிருக்கேன், பாரு. பல்லு வெளக்கறப்போ குழாய்ல குடிக்கறார்னு வாசல்லயே நிக்கறேன். நாளைக்கும் சொல்லுவேன். நாம சொல்லலைன்னா யாரு சொல்லுவா?"

அம்மா ஜன்னலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள். பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் துக்கத்தோடு கோபமும் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை மாதமாகத் தாகம் எடுத்தவர்களையே விசாரித்துக்கொண்டிருந்தாள். தாகம் எடுத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் தினம் இல்லை என்று சொன்னவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

அப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்ததும், ஈரத் தலையைத் துவட்டியபடியே மேடத்துக்குப் போன் செய்தாள்.

"தலைப்ப மாத்தறேன் மேடம். நோயாளிங்ககிட்ட கேக்கப் போறதில்ல. வீட்ல தண்ணி அளந்து குடுக்கறவங்ககிட்ட கேக்கறேன்."

"அவங்க நோயாளியே இல்லையேம்மா. சிகிச்சைல எங்க வர்றாங்க?"

"மெஷின் வாரத்துல மூணு தடவதான் மேடம். மத்த நேரமெல்லாம் அவங்கதான் சிகிச்சை."

"இதக் கமிட்டில இப்படியே சொல்லு. ஆனா கேள்வி மொத்தமும் மாறணுமே. முடியுமா உன்னால, இன்னிக்கு?"

"முடிச்சிடுவேன்."

"சரி, வா. அழுகை வந்தா வெளில போய் அழுதுட்டு உள்ள வா. அங்க யாருக்கும் பொறுமை கிடையாது."

போனை வைத்ததும் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "அப்பன் போன மறுநாளே பைய மாட்டிக்கிட்டுக் காலேஜுக்குப் போனா நாலு பேரு என்ன பேசுவாங்க? கொஞ்சமாவது யோசிச்சியா?"

அவள் வாயைத் திறக்கும் முன்பு உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: "அவ போவா. நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அண்ணியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர் சித்தப்பா. வாடகை நாற்காலிகளை எண்ணிக் கொடுக்க வேண்டும் என்று முனகிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், அடித்தாள், வேறு தாள் எடுத்தாள். அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னையும் சேத்துப்பியா இதுல?"

"சொந்தக்காரங்களச் சேக்கக் கூடாதும்மா. கேள்வி சரியா இருக்கான்னு மட்டும் உன்கிட்ட கேட்டுப் பாக்கலாம்."

"கேளு."

ஒவ்வொன்றாகப் படித்தாள். அளவைச் சொன்னது யார்? எதில் அளக்கிறீர்கள்? வெளியூர் போனால் யார் அளப்பார்கள்? அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரே ஒரு இடத்தில், "டம்ளர்ல அளந்து எடுத்து பாட்டில்ல ஊத்தி வச்சிடறவங்களும் உண்டு, அதையும் எழுதிக்கோ," என்றாள். எழுதிக்கொண்டாள். பிறகு அவள் மனசுக்குப் பிடித்த கேள்வி வந்தது.

"இல்லை என்று மறுத்த பிறகு உங்கள் மனநிலை எப்படி இருந்தது?"

அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தாள். "இத எடுத்துடு."

"இதுதாம்மா முக்கியமான கேள்வியே. இதுக்காகத்தான் மத்ததெல்லாம்."

"இருக்கட்டும். இத நீ ஒருத்திகிட்ட கேட்டேன்னா அவ உக்காந்து யோசிப்பா. யோசிச்சான்னா அன்னிக்குச் சாயங்காலம் அவளால இல்லன்னு சொல்ல முடியாது. பாவம்னு ஊத்திடுவா. அப்புறம் அந்த மனுஷன யாரு காப்பாத்துவா, நீயா?"

ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். அந்த வரியை அடித்தாள். அடித்த பிறகு தாள் மொத்தமும் வெறும் கணக்கெடுப்பு மாதிரி ஆகிவிட்டது. அப்பா போன நாளில், அப்பாவுக்காக என்று உட்கார்ந்து, இதைத்தானா எழுதிக்கொண்டுபோய் நீட்டப் போகிறோம்?

"அப்ப வேற என்னதாம்மா கேக்கறது?"

அம்மா மேஜை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது.

"அவ எப்போ தண்ணி குடிப்பான்னு கேளு."

"யாரு?"

"அளக்கறவ."

அவளுக்குப் புரியவில்லை.

"அவரு முன்னாடி குடிக்க முடியுமா? ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பாத்துக்கிட்டே இருப்பாரு, தொண்டை மட்டும் ஏறி எறங்கும். அதான் அடுக்களைக் கதவச் சாத்திக்கிட்டு, குழாயக்கூட மெதுவாத் தெறந்து... முதல் தடவ மெஷின்ல படுத்துட்டு வந்த நாள்லேருந்து அப்படித்தான். பழகிடுச்சு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "இதக் கேட்டா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க."

விடுமுறைக்கு வந்து இதே வீட்டில் எத்தனையோ நாள் இருந்திருக்கிறாள். அம்மாவுக்குத் தாகமே எடுக்காது என்றுதான் நினைத்திருந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளில் விழாமல் முழங்கையால் துடைத்துக்கொண்டு, புதுத் தாள் எடுத்து அதை முதல் கேள்வியாக எழுதினாள்.

"நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு. நாளைக்கு வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டுப் போ, அயர்ன் பண்ணித் தர்றேன்," என்றாள் அம்மா. எழுந்து நின்று, புடவையைச் சரி செய்துகொண்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "தொண்டை காயுது, இரு வந்துடறேன்."

அடுக்களைக்குள் போனாள். போனவள், முன்னறையில் அப்பா இல்லை என்பது ஞாபகமில்லாதவளாகக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, கதவு திறக்கும் வரை காத்திருந்தாள்.