டாக்ஸியில் பெட்ரோல் வாடை

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு நிதானம் என்று பெயர். எத்தனையோ வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறார், யாரையும் முந்திப் போனதாகச் சரித்திரம் கிடையாது. பின் சீட்டில் இருப்பவர் ரயிலுக்கு நேரமாச்சு என்று பரபரத்தால், "அடுத்த ரயிலும் அதே ஊருக்குத்தாங்க போகுது" என்பார். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அவர் வண்டியில் ஏறி யாரும் அடிபட்டதில்லை.

அவர் மனைவிக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் இஸ்திரி போட்டு மடித்து அடுக்கவேண்டும். காலையில் அவளை ஓட்டலின் பின்வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் ஸ்டாண்டுக்குப் போவார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு, அந்தக் காலைச் சவாரியில்தான் இருவரும் நாலு வார்த்தை பேசிக்கொள்வது.

அப்படி ஒரு காலையில்தான் அவள் சொன்னாள்: "என்னங்க, வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குது."

"நேத்து பெட்ரோல் போட்டேன். கையில பட்டிருக்கும்."

ஒரு கையை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாடைதான் வந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே எதையோ வெறித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாடை எங்கிருந்து வருகிறது என்று கவனிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"குப்புன்னு வந்துச்சு. இப்போ போயிடுச்சு" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. அடுத்த வாரமும் வந்தது. அவளுக்குக் குமட்டியது, வாயில் கூட அந்த ருசி ஏறுகிறது என்றாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் அவளைச் சந்தேகப்படவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை அந்த வண்டியிலேயே கிடக்கிறவன் மூக்கு செத்துத்தான் போயிருக்கும், அதை நம்பக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஏறுகிற ஆட்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். "ஏதாவது வாடை வருதுங்களா?" பலர் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும், "வருதே. ஆனா அது என் செருப்பு. கீழ பாக்காம மிதிச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார்.

கடைசியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அந்த மெக்கானிக்கை எல்லோரும் மூக்கு என்றே கூப்பிடுவார்கள். பானட்டைத் திறந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு, ஆயில் கருகுகிறதா, ஒயர் உருகுகிறதா என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு அவர் டிக்கிக்குள் தலையை விட்டார், பின் சீட்டைத் தூக்கி முகர்ந்தார், சக்கரத்தின் பக்கம் மண்டியிட்டு முகர்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் சிக்கலண்ணே. ஆனா அண்ணி சும்மா சொல்லமாட்டாங்க. புகை விட்டுப் பாத்துடலாம்."

"வண்டிக்கே புகையா?"

"கேளுங்க. டேங்க்ல இருக்கற பெட்ரோல் சும்மா இருக்காது. வெயில் பட்டாப் போதும், ஆவியா மேல கிளம்பும். முன்னாடியெல்லாம் அது பாட்டுக்கு வெளிய போயிடும், ஊரே மோந்துக்கும். இப்போ அப்படி விடறதில்ல. டேங்க்லருந்து ஒரு ஹோஸ் போகும், இந்தா, இந்தக் கறுப்பு டப்பாக்கு. உள்ள முழுக்கக் கரி. ஆவிய அந்தக் கரி பிடிச்சு வச்சுக்கும். நீங்க வண்டிய எடுத்து ஓட்டுறப்போ ஒரு வால்வு திறக்கும். கரியில ஒட்டியிருந்ததையெல்லாம் இன்ஜின் உறிஞ்சி எரிச்சுடும். ஒரு துளி வாடை வெளிய வரக்கூடாது, அதான் கணக்கு. வந்தா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம்."

ஒரு சின்ன மெஷினை இழுத்துவந்து, அதன் குழாயை வண்டியில் மாட்டிப் புகையை உள்ளே செலுத்தினார். இருவரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். டார்ச் அடித்துத் தேடினார்கள். கொஞ்ச நேரம் எங்கும் ஒன்றுமில்லை. பிறகு பின் சக்கரத்துக்கு மேலே, கரி டப்பாவுக்குப் போகிற ஹோஸ் வளைகிற இடத்தில், நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மெக்கானிக்.

ஹோஸில் மயிரிழையாக ஒரு விரிசல். நிதானம் மண்டியிட்டு அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினதுபோல இருந்தது. ஹோஸை மாற்றினார்கள். டேங்க் மூடியின் ரப்பர் வாஷரும் தேய்ந்திருக்கிறது என்று மூடியையும் மாற்றினார்கள். பழைய ஹோஸை ஒரு துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சமையலறை மேடையில் அதை வைத்து, இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார். "இந்தா பாரு. மூக்குக்கே தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

அவள் விரிசலைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "அப்போ என்னை அந்த மெக்கானிக்கிட்ட வேலைக்குச் சேத்துவிடுங்க. துணி மடிக்கறத விட நல்லா இருக்கும்."

மறுநாள் காலையில் தெரு முனை திரும்பியதும் கேட்டார். "இப்போ?"

"இல்லையே."

"சுத்தமா?"

"சுத்தமா இல்ல."

ஒரு வாரம் தினமும் கேட்டார். அவள் தினமும் இல்லை என்றாள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

குளிர்காலம் வந்தது. அவள் வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிடுவாள். குளிருதே என்றால், "அந்த இஸ்திரிச் சூட்டுல போய் வேகத்தானே போறேன், கொஞ்சம் காத்து வாங்கிக்கறேன்" என்பாள். அவரும் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டுவார். வீட்டில் அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. தலையணை என்ற வார்த்தை வராமல், "அதாங்க, அந்தத் தலைக்கு வைக்கறது" என்றாள், நாளெல்லாம் தலையணை உறை மடிக்கிறவள். இருவரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். வயசாகுது என்று அவர் கேலி செய்தார். ஓட்டலில் மேற்பார்வையாளர் ஒருமுறை திட்டினாராம், கூப்பிட்டால் காதில் விழாதமாதிரி நிற்கிறாள் என்று. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. கூட வேலை பார்ப்பவள் பின்னால் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

அது ஒரு சாதாரணக் காலை. சிக்னலில் வண்டி நின்றிருந்தது. மகள் போனில் சொன்ன ஏதோ ஒன்றை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, கையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, திரும்ப" என்றாள். அவ்வளவுதான். உடம்பு விறைத்து, தலை கதவில் மோதி, கைகால் இழுத்துக்கொண்டது.

நிதானம் சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஏறி, பஸ்ஸையும் லாரியையும் முந்திக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அவரைத் தனியறையில் உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு.

"இது மூளையில கட்டி. கொஞ்ச நாளா இருந்திருக்கணும். அவங்க இல்லாத வாடை ஏதாவது வருதுன்னு சொன்னதுண்டா? ரப்பர் எரியற மாதிரி, அழுகின மாதிரி?"

"பெட்ரோல்" என்றார்.

"வந்து வந்து போகுமா? அப்போ அசையாம ஒரே இடத்தைப் பாத்துட்டு இருப்பாங்களா?"

"ஆமா."

"அதுவும் வலிப்புதான். சின்ன வலிப்பு. வாடை தெரியற இடத்துக்குப் பக்கத்துலயே கட்டி இருக்கு. முதல்ல எப்போ சொன்னாங்க?"

போன வெயில் காலம் என்றார். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார்.

"அப்பவே வந்திருந்தா?" என்று நிதானம்தான் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அப்போ சின்னதா இருந்திருக்கும். எடுக்க வாய்ப்பு இருந்திருக்கும். நிச்சயமா சொல்லமுடியாது. இப்போ ஆழமாப் பரவிடுச்சு. முழுசா எடுக்கமுடியாது."

அவர் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். போவோர் வருவோரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் நழுவியது, தலையணை, கண்ணாடியை இறக்கியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார்.

மருந்து ஏறியதும் அவளுக்குக் கொஞ்ச நாள் தெளிவு இருந்தது. ஒரு மத்தியானம், அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஹோஸ் மாத்துன மறுநாளே வாடை வந்துச்சுங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க கேட்டீங்கல்ல, சுத்தமா இல்லையான்னு. அப்பவே அடிச்சுட்டுத்தான் இருந்துச்சு. முந்தின நாள் அந்த ஹோஸைக் கொண்டுவந்து எவ்வளவு சந்தோஷமாக் காட்டுனீங்க. எப்படிச் சொல்றது? சரி, தானாப் போயிடும்னு விட்டேன். அப்புறம் வேலை செய்யற எடத்துலயும் வந்துச்சு. அப்பத்தான் துவைச்ச விரிப்புலருந்து வந்துச்சு. குளிக்கறப்போ தண்ணியிலருந்து வந்துச்சு. எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நெனச்சேன். அதான் வாயத் தொறக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." போர்வையின் ஓரத்தை மடித்துவிட்டுக்கொண்டாள். "அப்பவே சொல்லியிருந்தா சரியாப் போயிருக்குமா? டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

அவர் ஒரு சுளையின் கொட்டையை எடுத்தார். அடுத்த சுளையின் கொட்டையையும் எடுத்தார்.

"கேட்டேன். எப்போ வந்திருந்தாலும் இதேதான்னு சொன்னாங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. சுளையை வாங்கிக் கொஞ்சம் சாப்பிட்டாள்.

ஆபரேஷன் செய்தார்கள். முடிந்ததை எடுத்தோம் என்றார்கள். மகள் வந்து கூடவே தங்கினாள். ஆபரேஷனுக்குப் பிறகு மனைவிக்கு வார்த்தைகள் குழம்பின. மகளைச் சிலசமயம் டாக்டர் என்று நினைத்து, வணக்கம் சொன்னாள். ஆனால் வாடை மட்டும் போகவில்லை. அது வரும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"வண்டிய தள்ளி நிறுத்துங்க. தாங்கல. தள்ளி நிறுத்துங்க."

முதல் தடவை, வண்டி கீழே தூரத்தில் நிற்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மகள் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அவளுடைய அம்மா அழ ஆரம்பித்தாள். நிதானம் எழுந்து கீழே போனார். வண்டியை எடுத்து, ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிப் போகிற சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறி வந்தார். அதற்குள் அவள் தூங்கியிருந்தாள். அடுத்த தடவை சந்திலிருந்து எடுத்துப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே நிறுத்தக்கூடாது என்று விரட்டியதும், மறுபடி உள்ளே கொண்டுவந்து வேறு மூலையில் நிறுத்தினார். பல தடவை இப்படி நடந்தபிறகு வாட்ச்மேன் கேட்டார்: "நல்ல எடத்துலதானே நிக்குது, எதுக்கு சார் மாத்திக்கிட்டே இருக்கீங்க?"

"வீட்டுல சொன்னாங்க" என்றார் நிதானம்.

"அப்பா, உங்களுக்கே தெரியுதுல்ல, எதுக்கு இப்படி ஓடறீங்க?" என்றாள் மகள். அந்த வார்டில் அவரால் செய்யமுடிந்த ஒரே காரியம் அதுதான்.

கடைசி நாட்களில் மனைவி எதையும் சொல்லவில்லை. ஒரு காலையில், அவரும் மகளும் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு நின்றது. சத்தமில்லாமல் நின்றதால், நர்ஸ் வந்து பார்க்கும்வரை இருவருக்கும் தெரியவில்லை.

மகள் தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சினாள். அப்புறம் வர்றேன் என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் ஸ்டாண்டுக்கும் போனார். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஒரு நாள் சவாரி எதுவும் இல்லாமல் மெக்கானிக் ஒர்க்‌ஷாப் முன்னால் வண்டியை நிறுத்தினார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்தார். சாவுக்கு வந்திருந்தபோது இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"வண்டியில ஏதாவது பிரச்சினையா அண்ணே?"

"இல்ல. நல்லா ஓடுது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நிதானம் தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த ஹோஸ்ல விரிசல் நிஜமாவே இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுண்ணே. நீங்களும் பாத்தீங்களே. புகை வந்துச்சே."

"அது இல்லாம இருந்திருந்தா, வண்டியில ஒண்ணுமில்லன்னு நீ சொல்லியிருப்ப."

மெக்கானிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. "ஆமா" என்றார்.

"வண்டியில ஒண்ணுமில்லன்னா நான் அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அண்ணே."

"உன்னைக் குத்தம் சொல்லல. நீ உன் வேலையச் சரியாத்தான் செஞ்ச. நான்தான் ஓட்டைய அடைச்சாச்சுன்னு திரும்பிப் பாக்காம இருந்துட்டேன். அவ்வளவு சின்ன விரிசல்பா. அது வராம இருந்திருக்கலாம்."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒருவர் பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். மெக்கானிக் எழுந்திருக்கவா வேண்டாமா என்று தயங்கினார். போய்ப் பாரு என்று நிதானம் தலையசைத்தார். குடிக்காத டீயைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

கொஞ்ச தூரத்தில் பையும் கையுமாக நின்ற ஒரு பெண் கைகாட்டினாள். ஏற்றிக்கொண்டார். போகவேண்டிய இடத்தைச் சொன்னாள், சரி என்றார். ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"திரும்பவேண்டிய எடம் போயிடுச்சுங்க" என்றாள் அந்தப் பெண். "ரொம்பப் பின்னாடியே போயிடுச்சு. நான் ரெண்டு தடவை சொன்னேன்."

"மன்னிச்சுக்குங்க" என்றார் நிதானம். வண்டியைத் திருப்ப இடம் தேடினார். எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. அவர் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றார்.