ஈயம் வைத்த முனை

கம்பியின் முனையைத் தொட்டதுமே மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது. அது தன் கை வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தேசியப் பூங்காவின் எல்லையில் கண்ணி பொறுக்கப் போகிறவர்களில் அவரும் ஒருவர். கூட ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு மருந்துக்கடைக்காரர், முன்னால் வழிகாட்டிக்கொண்டு வனக்காவலர். புதருக்குள் தொங்கும் கம்பி வளையங்களைத் தேடி அவிழ்த்துக்கொண்டு வருவார்கள். அன்று அவிழ்த்தது ஒரு பெண்மானின் கழுத்திலிருந்து. உயிர் போய் நெடுநேரமாகியிருந்தது. மடியில் பால் கட்டியிருந்தது. குட்டியைக் காணோம்.

"எவனோ கைதேர்ந்த ஆளுதான்," என்றார் மருந்துக்கடைக்காரர். "முனையைப் பாருங்க, ஒரு பிசிறு இல்ல. வழுக்கிக்கிட்டுப் போய் இறுக்கியிருக்கு."

"ஒரு மாலையும் வாங்கிப் போடுங்க," என்றாள் ஆசிரியை எரிச்சலோடு.

மெக்கானிக் பேசவில்லை. அவர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

பைக்கின் பழைய கிளட்ச் கேபிளைக் கழற்றினால், உள்ளே இருக்கும் கம்பியை உருவி, வெட்டிய முனையில் ஈயம் உருக்கி வைத்து, சுருட்டித்தான் பழைய சாமான் டப்பாவில் போடுவார். வேறு எந்தப் பட்டறையிலும் குப்பைக்கு ஈயம் வைக்கிற வழக்கம் கிடையாது. தொழில் பழகிய காலத்தில் பிரிந்த இழை ஒன்று நகக்கண்ணில் ஏறிச் சீழ் பிடித்தது. குப்பை அள்ளுகிறவன் கையும் கைதானே என்று அன்றிலிருந்து வந்த பழக்கம். "பொணத்துக்குப் பவுடர் பூசுறாருப்பா," என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்த டப்பாவைக் காலி செய்கிறவன் ஒருவன்தான். மனைவியின் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். பூங்காவை ஒட்டி அவன் வீடு. அவரைக்கொடிக்குப் பந்தல் கட்ட வேண்டும் என்று சொல்லித்தான் எடுத்துப் போவான்.

மறுநாள் வந்து வழக்கம்போல டப்பாவுக்குள் கையை விட்டான்.

"கையை எடு," என்றார் மெக்கானிக். "உன் பந்தல்ல மான் காய்க்குதாடா?"

அவன் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு சிரித்தான். "ஓ, ஞாயித்துக்கிழமை சாமியாருங்க கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"குட்டி போட்ட மான்டா அது."

"நான் என்ன ஜாதகம் பாத்தா கண்ணி வைக்கிறேன்?" கையில் எடுத்த கம்பியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "போய்ச் சொல்லுங்க மாமா. கண்ணி வச்சவன் யாருன்னு கேட்டா என்னைக் காட்டுவீங்க. முனைக்கு ஈயம் வச்சவன் யாருன்னு கேட்டா? வெறும் கம்பின்னா பிரிஞ்சு சிக்கிக்கும், வளையம் இறுகாது, பாதி தப்பிச்சிடும். உங்க கம்பியில ஒண்ணுகூடத் தப்பல. கைராசி!"

சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். மெக்கானிக் அவனைத் தடுக்கவில்லை. எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றிருந்தார்.

வீட்டுக்குச் செய்தி அவருக்கு முன்பே போய்விட்டிருந்தது. மனைவி தட்டை நங்கென்று வைத்தாள்.

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். என் கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுக்கப் போறீங்களாமே?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மானா உங்களுக்குப் பொண்ணு குடுத்துச்சு? அவன் உள்ள போனா எங்கம்மா நடுத்தெருவுல நிப்பாங்க. அப்புறம் நீங்க யாரோ, நான் யாரோ. பாத்துக்குங்க."

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டப்பாவைப் பூட்டிவிடலாம், ஈயம் வைப்பதை விட்டுவிடலாம். ஆனால் காட்டுக்குள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருப்பவை? லேசில் துருப்பிடிக்காத கம்பி. எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனாக ஒருநாளும் சொல்லமாட்டான்.

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார். அவள் அழைக்கவில்லை.

வனக்காவலர் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் குரலில் இருந்த மரியாதை தேய்ந்துகொண்டே போயிற்று. "அப்போ இத்தனை நாளா எங்ககூடவே நடந்து, உங்க கம்பியையே பொறுக்கியிருக்கீங்க."

"தெரியாது சார்."

"கேஸுன்னு வந்தா உங்க பேரும் வரும்."

"வரட்டும்."

"அவன் வீட்டை நீங்கதான் வந்து காட்டணும்."

காட்டினார். கதவைத் திறந்த மாமியார் சீருடையைப் பார்த்தாள், பின்னால் நின்ற மருமகனைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "வாங்க மாப்பிள்ளை. இந்த வீட்டுல உங்களை நிக்க வச்சதே இல்லையே, உக்காருங்க." கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

அவர் உட்காரவில்லை.

கொல்லையிலிருந்து சின்னவன் வந்தான். வனக்காவலர் சொன்னார்: "வச்ச கண்ணி எல்லாத்தையும் காட்டிட்டா, ஒத்துழைச்சான்னு கேஸுல சேத்து எழுதுவேன். இல்லேன்னா நேரா ஸ்டேஷன்தான்."

சின்னவன் செருப்பை மாட்டிக்கொண்டான். "காட்டறேன். ஆனா நான் தொடமாட்டேன். மாமா குனிஞ்சு அவுக்கட்டும்."

மூவரும் காட்டுக்குள் நடந்தார்கள். ஒரு முள்புதரின் முன் நின்று சின்னவன் விரலை நீட்டினான். மெக்கானிக் மண்டியிட்டு, முள் கிழிக்கக் கையை உள்ளே விட்டு அவிழ்த்தார். அவர் எழுவதற்குள் சின்னவன் நடக்கத் தொடங்கியிருந்தான். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றான், விரலை நீட்டினான். அதற்கு அப்பால் இன்னொரு புதரையும் காட்டினான்.