ராசி பார்த்த கல்

திருச்செங்கோட்டில் நான் வேலை பார்க்கும் நகைக்கடையில் வைரம் வாங்குகிறவர்களுக்கு எட்டு நாள் அவகாசம் உண்டு. வீட்டில் வைத்து ராசி பார்ப்பார்கள். அதற்குள் கெட்டது ஏதாவது நடந்தால் கல்லைத் திருப்பித் தந்துவிடலாம். பல்லி விழுந்தது, மாடு கன்று போடவில்லை என்றெல்லாம் சொல்லி மோதிரங்கள் திரும்பி வந்திருக்கின்றன. எனக்கு எரிச்சலாக வரும்.

அப்படித்தான், வாங்கிப்போன எட்டாம் நாள் பெருமாயி அக்கா வந்தார். போன வாரம் கணவரோடு சிரித்துக்கொண்டே வைர மூக்குத்தி வாங்கிப் போனவர். இன்று கழுத்தில் தாலி இல்லை.

"கல்லு எங்களுக்கு ஒத்துக்கலீங்க. மூணாம் நாளே அவரக் கொண்டு போயிருச்சு" என்றார். போர்வெல் போடும் ரிக் லாரியில் வேலை பார்த்த கணவர், ஆந்திராவில் தலைசுற்றி விழுந்து இறங்கிக்கொண்டிருந்த இரும்புப் பைப்புக்கு அடியில் நசுங்கிவிட்டாராம்.

ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, இது பூமியில வெட்டி எடுத்த கல்லு இல்லீங்க. மெஷின்ல வளத்தது. பில்லுலயே போட்டிருக்குதுங்க. இதுக்கு ராசியுமில்ல, தோஷமுமில்ல. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

அவர் மூக்குத்தி இருந்த சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காச்சல்னு படுத்திருந்த மனுசன ரிக்குக்குப் போகச் சொல்லித் தொரத்துனது நாந்தான். பழியக் கல்லு மேல போட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அதையும் புடுங்கிட்டியே சாமி."