அடிக்கு எவ்வளவு கழிவு

என் சேலைக்கடையில் விலைச்சீட்டு கிடையாது. சீட்டு ஒட்டிவிட்டால் வருகிறவர்களுக்கு அப்புறம் என்ன பேச்சு இருக்கிறது? இந்த உலு திராம் ஊரில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒருத்தி பாதி விலைக்குக் கேட்பாளா, கால் விலைக்குக் கேட்பாளா என்று அவள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன். இந்த டொரத்தியிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. ஜெயித்தவர்களில் மலரும் அவள் புருஷன் ரூபேந்திரனும்தான் முதலிடம்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தீபாவளி சமயத்தில் மலர் முதலில் தனியாகத்தான் உள்ளே வந்தாள். கல்யாணமாகிக் காஹாங் ஊரிலிருந்து இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். இருநூற்றெண்பது வெள்ளி என்றேன்; ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். அந்த நேரம் பார்த்து ரூபேந்திரன் நுழைந்தான். லோரி ஓட்டுகிறவன், முரட்டு உடம்பு. வீட்டில் அரிசிக்கே வழியில்லை, உனக்குப் பட்டு கேட்கிறதா என்று கத்தி, கையை ஓங்கி ஓர் அறை விட்டான். அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாதாவே என்று இருநூறுக்கே கொடுத்து அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், எதிரே ஐஸ் கச்சாங் கடையில் இருவரும் ஒரே கிண்ணத்தில் சீவிய ஐஸைத் தின்றபடி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவள் கன்னத்தில் சிவப்புகூட இல்லை. பக்கத்துப் பாத்திரக்கடை லெட்சுமணனிடம் சொன்னேன். அவரிடமும் அதே நாடகம் நடந்து, ஓர் இட்லிக் கொப்பரையில் முப்பது வெள்ளியை விட்டிருந்தார். வலது கையை ஓங்கி இடது கையில் தட்டிச் சத்தம் எழுப்புகிறான் என்று செய்தும் காட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு எங்கள் தெருவில் அது வருடாந்திர வழக்கமாகிவிட்டது. அவர்கள் வந்தால் எண்பது வெள்ளி ஏற்றிச் சொல்வேன். அவன் அடிப்பான். நிஜமாகவே அடிக்கிறார் என்று அவள் என்னைப் பார்த்து அழுவாள். நான் மனம் இரங்குவதுபோல் எண்பதைக் குறைப்பேன். எனக்கு நட்டமில்லை, அவர்களுக்கும் சந்தோஷம். கடையில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க முன்னால் வந்து நிற்பார்கள்.

மூன்றாம் வருடம் அவள் கன்னத்தில் விரல் தடம் விழுந்தது. நடிப்பு முன்னேறிவிட்டது என்றேன். போன வருடம் உதடு கிழிந்து முந்தானையில் ரத்தம் சொட்டியது. அன்றைக்கு நூறு வெள்ளி குறைத்தேன். அடி கனத்தால் கழிவும் கூடும் என்று அவனுக்கு நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பாதிப் பொய். அன்று அவர்கள் ஐஸ் கச்சாங் கடைப்பக்கம் திரும்பாமல் போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சேலை விரிக்கப் போய்விட்டேன்.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். மலர் சேலை அடுக்கின் பக்கமே பார்க்காமல் முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். அவன்தான் கையில் அகப்பட்ட ஒரு பட்டுச்சேலையை உருவிப் போட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அறை விழுந்தது. அவள் முக்காலியோடு சாய்ந்தாள்.

“தம்பி, அவசரப்படாதீங்க லா. நான் இன்னும் வெலையே சொல்லல,” என்றேன். பெண்கள் இருவரும் சிரித்தார்கள்.

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் கூந்தலைக் கையில் சுற்றித் தூக்கி, முகத்தைக் கண்ணாடி அலமாரியில் மோதினான். முதல் மோதலில் கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவதில் நொறுங்கியது. அவள் புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் விடாமல் அவள் விலாவில் உதைத்தான். காலில் பூட்ஸ் போட்டிருந்தான்.

“ஆன்ட்டி, நெசமா அடிக்கிறாரு,” என்றாள் மலர்.

வருடா வருடம் கேட்ட வசனம்தானே. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவள் நிலைமையும் அப்படித்தான் ஆகியிருந்தது. என் வாயில் வந்ததோ கண்ணாடிக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி. சேலை முந்நூற்றிருபது, நூறு வெள்ளி குறைக்கிறேன், போதும் நிறுத்துங்கள் என்றும் சொன்னேன். என் வெட்கங்கெட்ட வாய்.

அந்த நேரம் வெளியே நகராட்சி ஆள் ஒருவர் அவனுடைய காருக்கு அபராதச் சமன் எழுத நின்றார். சாலையோர மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்தியிருந்தான். இங்கேயே கிட, வந்து மிச்சத்தை வைத்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினான்.

மலர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண்ணாடித் துண்டு உள்ளங்கையில் ஏறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கைப்பையைத் திறந்து உள்ளே இருந்த நோட்டையெல்லாம் ரத்தத்தோடு என் முன்னால் வைத்தாள்.

“கொறைக்க வேணாம் ஆன்ட்டி. நீங்க சொன்ன வெலையே தரேன். பின்கதவு இருக்கா? வீட்டுக்குப் போனா இன்னிக்கு என்னைக் கொன்னுடுவாரு.”

ஐந்து காசு விட்டுக்கொடுக்காதவள் அவள். ரத்தத்தைப் பார்த்துப் புரியாதது அந்த முழு விலையைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் ஷட்டரை இழுத்தேன்.

தரையைத் தொட நான்கு விரற்கடை இருக்கும்போது அவன் வந்துவிட்டான். இடைவெளியில் கையைக் கொடுத்து மேலே தூக்கப் பார்த்தான். துணி அளக்கும் இரும்புக் கோலை எடுத்து அந்த விரல்களின் மேல் போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. கையை இழுக்காமல் இன்னும் தூக்கினான். மறுபடி அடித்தேன். அலறிக்கொண்டு விட்டான். இரண்டு விரல் மட்டும் கீழே மாட்டியிருந்தது. மூன்றாவது அடி தேவையில்லை, ஆனாலும் அடித்தேன். அதற்காக நான் இதுவரை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை.

அவன் விரலை உருவிக்கொண்டதும் ஷட்டரைப் பூட்டினேன். பூட்டிய பிறகும் உதைத்துக்கொண்டே இருந்தான். வெளியே கூட்டம் சேர்ந்தது. இந்த வருடம் கதையையே மாற்றிவிட்டார்களா என்று லெட்சுமணன் யாரிடமோ கேட்டுச் சிரிப்பது உள்ளே கேட்டது. சிரிப்பு கேட்டதும் ரூபேந்திரன் குரலை மாற்றிக்கொண்டான்.

“சும்மா வெளையாட்டு லா, ஆன்ட்டி. ஐந்நூறு தரேன், அவள அனுப்புங்க.”

எழுநூறு என்றான். பிறகு ஆயிரம் என்றான். அவன் ஒவ்வொரு தொகையாக ஏற்றும்போதும் மலர் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எங்கே நான் ஒரு விலைக்குச் சம்மதித்துவிடுவேனோ என்று அவள் பயந்ததாக எனக்குப் பட்டது. அவள் பயந்ததில் என்ன தப்பு? என்னை அவள் அப்படித்தான் அறிவாள்.

பின்சந்தில் நின்ற என் வேனில் அவளை ஏற்றிப் போலீஸ் நிலையத்துக்கு ஓட்டினேன். அங்கே இருந்த பெண் அதிகாரி முதலில் ஆம்புலன்சுக்குச் சொன்னார். பிறகு நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டே, புருஷன் அடித்ததற்கு வேறு யாராவது சாட்சி உண்டா என்றார். தெருவே சாட்சி என்று சொல்லி லெட்சுமணனுக்குப் போன் போட்டேன்.

“டொரத்தி, இந்த வாட்டி எவ்ளோ கொறைச்சீங்க?” என்றார் அவர், சிரிப்பு அடங்காமல்.

போனை வைத்தேன். மலர் என்னைப் பார்க்கவில்லை, துணியால் கண்ணை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். எனக்குத் தெரிந்த மலாய் மொழியில் சொன்னேன். சாட்சி நான்தான். ஐந்து வருடமாக முன்னால் நின்று பார்த்தேன். அடிக்கு அடி கழிவு கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.